கடைவீட்டுச் சுவரில் ஏறும் ஓதம்

சிங்கப்பூரின் ஜூ சியாட்டிலோ லிட்டில் இந்தியாவிலோ, கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிப் பின்னர் புதுப்பித்த பழைய கடைவீடு ஒன்றில், காலை உணவோடு அறை எடுத்துத் தங்கக் கணிசமாகவே செலவாகும். (சிங்கப்பூரில் தனியார் வீட்டைக் குறைந்தது 3 மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். ஆகவே, வீட்டுக்காரர் ஓர் அறையை ஒதுக்கி, காலையில் தோசை சுட்டுத் தரும் ஏற்பாடு இங்கே இல்லை; முறையாக உரிமம் பெற்ற சிறு விடுதிகள்தாம் இருக்கின்றன.) பூவேலைத் தரைக்கற்களும் மரச் சன்னல்களும் கொடுத்த காசுக்குக் கண்ணை நிறைத்துவிடும். தரைத்தளத்து அறையாக இருந்தால் பக்கச் சுவரின் அடிப்பகுதியையும் ஒருமுறை பாருங்கள். முழங்கால் உயரத்தில் வண்ணம் பொரிந்து, வெள்ளைப் பொடி உதிர்ந்து கிடந்தால், பராமரிப்பில் குறை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அங்கே ஒரு வேதியியல் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது.

மண்ணின் ஈரம் சுவரில் ஏறுவதை ஓதம் என்பார்கள். இங்குள்ள கடைவீடுகள் 1840களுக்கும் 1960களுக்கும் இடைப்பட்டவை. அவற்றுள் பழையவை பலவும், அடியில் ஈரத்தடுப்பு எதுவும் இல்லாமல் நேராக மண்ணிலிருந்து எழுந்த செங்கல் சுவர்களைக் கொண்டவை. செங்கல்லிலும் சாந்திலும் நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. நீர் அந்தத் துளைகளின் உட்புறத்தைப் பற்றிக்கொண்டு, ஈர்ப்பு விசையை மீறி மேலே ஏறுகிறது. துளை குறுகக் குறுக ஏறும் உயரம் கூடும். வெறும் கணக்கைப் பார்த்தால் ஓதம் மாடிவரைகூடப் போக வேண்டும். ஆனால் பெரும்பாலும் 1 மீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. ஏறும் வழியெல்லாம் நீர் ஆவியாகிக்கொண்டே போவதுதான் காரணம். கீழிருந்து வருவதும் பக்கவாட்டில் வெளியேறுவதும் சமமாகும் இடத்தில் ஓதம் நிற்கும். வெளியேறும் வழியை அடைத்தால் இன்னும் மேலே போகும்.

இதையெல்லாம் யோசித்துத்தான் அக்காலத்தில் சுண்ணாம்புக் காரை பூசினார்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. கைக்கு எட்டிய பூச்சு அதுதான். ஆனாலும் அது மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. சிப்பியையோ சுண்ணாம்புக் கல்லையோ ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸில் சுட்டால், கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் சூடு பறக்க நீறிப்போகும். நீறிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துச் சுவரில் பூசிவிட்டால், காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் இறுகி மறுபடியும் கல்லாகிறது. இறுகிய பின்னும் துளைகள் அடைபடுவதில்லை. நீராவி அவற்றின் வழியே வெளியேறும். மெல்லிய விரிசல் விழுந்தால், கசியும் நீரில் கரைந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்து அதை மூடிவிடுவதும் உண்டு.

இந்த ஊரின் சுண்ணாம்பில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. சிராங்கூன் சாலை வட்டாரத்தில் சுண்ணாம்பு சுடும் காளவாய்கள் இருந்தன. வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அந்நாளில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே பெயர் (கம்பம் என்றால் கிராமம்). 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் இங்கே செங்கல் சுட்டார்கள், சாலை போட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள். அவர்கள் உழைப்பில் எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களில் இருப்பது மெட்ராஸ் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் எல்லாம் சேர்ந்த கலவை. சர்க்கரை சேர்ந்தால் சுண்ணாம்பு நீரில் கூடுதலாகக் கரையும். காய்ந்ததும் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு பழக்கமானதே. சாதாரணக் கடைவீட்டுச் சுவருக்கு யாரும் முட்டை உடைத்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

சுவர் விட்ட ஈரம் வீட்டைவிட்டும் போக வேண்டுமே. கடைவீட்டின் இரு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டோடு பொதுவானவை. முன்னும் பின்னும் மட்டுமே திறப்பு. அதனால்தான் நீண்ட வீட்டின் நடுவில் வானம் தெரியும் முற்றம் வைத்தார்கள். சூடான காற்று இதன் வழியே புகைபோக்கியில் போவதுபோல் மேலே இழுக்கப்படுகிறது என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. கணக்குப் போட்டால் அந்த இழுவிசை ஏமாற்றம்தான். முற்றம் 8 மீட்டர் உயரம், உள்ளேயும் வெளியேயும் 2 டிகிரி வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் அழுத்த வேறுபாடு 1 பாஸ்கலைக்கூட எட்டாது. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசும் இளங்காற்றின் அழுத்தமே 2 பாஸ்கலுக்கு மேல். ஆக, வீசுகிற காற்று உள்ளே நுழைந்து வெளியேற இன்னொரு வாசலாக இருப்பதே முற்றத்தின் முக்கிய வேலை. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகள் பக்கச் சுவர், மர உத்தரம், மரப்படிக்கட்டு ஆகியவற்றோடு இந்த முற்றத்தையும் காக்கச் சொல்கின்றன. அதன் தலையில் கண்ணாடிக் கூரை போட்டு மூடிவிட்டால் வெளிச்சம் மட்டும்தான் மிஞ்சும்.

இனி அந்த வெள்ளைப் பொடிக்கு வருவோம். ஓதம் வெறும் தண்ணீராக ஏறுவதில்லை. மண்ணிலுள்ள உப்புகளையும் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். சாதாரணச் சோற்றுப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையும், அதற்குக் கீழே இறங்கினால் மறுபடியும் படிகமாகும். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 82 விழுக்காடு. விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். 75 என்ற கோட்டை ஒரே நாளில் மேலும் கீழுமாகக் கடக்க இதைவிட வசதியான ஊர் கிடைக்காது. துளைக்குள் வளரும் படிகம் துளையின் உட்புறத்தை நெட்டித் தள்ளுகிறது. கரைவதும் வளர்வதுமாக இது திரும்பத் திரும்ப நடக்கும்போது, பூச்சு உள்ளிருந்தே மாவாகிறது.

விடுதி என்றானதும் இதன் வேகம் கூடிவிடுகிறது. விருந்தினர் வந்து குளிர்சாதனத்தைப் போட்டதும் அறைக்காற்று உலர்கிறது. சுவரில் உப்பு படிகமாகிறது. அவர் வெளியே கிளம்பியதும் குளிர்சாதனம் நிற்கிறது, சன்னல் திறக்கிறது, ஈரக்காற்று புகுந்து உப்பு மறுபடியும் கரைகிறது. போதாக்குறைக்கு, பழைய வீட்டில் இல்லாத குளியலறை வேறு அறைக்குள்ளேயே நீராவி விடுகிறது. இங்குள்ள வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 24 டிகிரி. குளிர்சாதனத்தை 18இல் வைத்தால் சன்னல் கண்ணாடியும் மெல்லிய தடுப்புகளும் அதற்குக் கீழே குளிர்ந்துவிடும். மரச்சட்டங்களின் இடுக்கில் கசியும் ஈரக்காற்று அவற்றில் பட்டு முத்து முத்தாக வியர்க்கும். பூஞ்சைக்கு அதுவே போதும். 25இல் வைத்து மின்விசிறியைச் சுழல விட்டால் தூக்கமும் கெடாது, வீடும் கெடாது.

பொரிந்த இடத்தைச் சிமெண்டால் பூசி மறைப்பதுதான் பலரும் செய்யும் மருத்துவம். மோசமான மருத்துவமும் அதுதான். சிமெண்ட் பூச்சு இறுக்கமானது, நீராவியை எளிதில் விடாது. பழைய செங்கல் மென்மையானது. வழி அடைபட்ட ஓதம் பூச்சுக்கு மேலே போய் வெளிப்படும். பூச்சுக்குப் பின்னால் சேரும் உப்பு செங்கல்லையே அரிக்கும். முறையாகச் செய்பவர்கள் சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு, சிலிக்கான் சேர்மம் ஒன்றைச் செலுத்துகிறார்கள். அது நுண்துளைகளின் உட்புறத்தை நீர் ஒட்டாத பரப்பாக மாற்றிவிடுவதால், ஏற்றம் அங்கேயே நின்றுபோகும். ஏற்கெனவே ஏறிய உப்பு காற்றின் ஈரத்தைத் தொடர்ந்து குடிக்கும் என்பதால், பழைய பூச்சைச் செதுக்கி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுண்ணாம்புக் காரை பூச வேண்டும். அந்தக் காரை சுவரில் எஞ்சிய உப்பை இழுத்துக்கொண்டு, சில ஆண்டுகளில் தானே பொரிந்து உதிரும். உதிர்வதற்கென்றே பூசப்படும் பூச்சு அது. மறுபடியும் செதுக்கி, மறுபடியும் பூசுவார்கள். அந்த இடைவெளியில் தங்கப் போகிறவர்களின் கண்ணில்தான் பொரிந்த சுவர் படுகிறது. எனக்கு அதைவிட, அடியில் மரப்பலகை அடித்து மேலே பளபளப்பான வண்ணம் பூசியிருக்கும் தரைத்தள அறையில்தான் சந்தேகம் அதிகம்.