வயிறு நிறைந்த பிறகும் ஏன் மிக்சர் கேட்கிறது?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “சோற்றை அடியோடு நிறுத்தினேன். முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்தது. அப்புறம் எடை அசையவே இல்லை. போதாததற்கு, மாலையானால் பசி உயிரை வாங்குகிறது. ஏன்?”

எடைக் கேள்விக்குப் பதில் எளிது. கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவில் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறோம். பெரியவர் ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோறு நின்றதும் அந்தக் கையிருப்பு கரைகிறது, தண்ணீரும் கூடவே வெளியேறுகிறது. முதல் வாரம் குறைந்ததில் பெரும்பங்கு இதுதான். கொழுப்பு மெதுவாகத்தான் கரையும்.

மாவுச்சத்தைக் குறைத்தால் தனிப் பலன் உண்டா என்றால், பெரிதாக இல்லை. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவில் கொழுப்பையும் மற்றதில் மாவுச்சத்தையும் குறைத்து ஓராண்டு கவனித்தார்கள். 2018இல் வந்த முடிவின்படி, கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இழந்தார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை. இன்னொரு தகவல், சிட்னி பல்கலைக்கழகத்தில் 1995இல் 38 உணவுகளைச் சம கலோரி அளவில் கொடுத்து, எது அதிக நேரம் பசி தாங்குகிறது என்று பார்த்தார்கள். முதலிடம் பிடித்தது வேகவைத்த உருளைக்கிழங்கு! வெள்ளை ரொட்டிக்கு 100 என்றால் அதற்கு 323. அதுவும் மாவுச்சத்துதானே?

சரி, மாலைப் பசிக்கு வருவோம். இரைப்பை விரிவதை நரம்புகள் மூளைக்குச் சொல்கின்றன. குடலில் உணவு இறங்கியதும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற ஹார்மோன்கள் சுரந்து “போதும்” என்கின்றன. இப்போது ஊரெங்கும் பேசப்படும் எடைக்குறைப்பு ஊசிகள் ஜிஎல்பி-1ஐப் போலச் செயல்படும் மருந்துகளே. புரதம் இந்த ஹார்மோன்களை நன்றாகத் தூண்டுகிறது. அதைச் செரித்துப் பயன்படுத்தவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடும், மாவுச்சத்துக்கு 5 முதல் 10 சதவீதம்தான். இதெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி வெட்டுக்கிளியிடமிருந்து வருகிறது.

1990களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்டீபன் சிம்ப்சன், டேவிட் ராபன்ஹைமர் என்ற இருவர் வெட்டுக்கிளிகளுக்கு 25 வகையான உணவுக் கலவைகள் தயாரித்தார்கள். ஒவ்வொன்றிலும் புரதமும் மாவுச்சத்தும் வெவ்வேறு விகிதத்தில் இருக்கும். ஒரு பூச்சிக்கு ஒரே கலவைதான், எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். புரதம் குறைவான கலவை கிடைத்த பூச்சிகள் தின்றுகொண்டே இருந்தன. புரதத் தேவையை எட்டிப்பிடிக்கும் முயற்சியில் மாவுச்சத்தை அளவுக்கு மீறி விழுங்கி, அந்த இறுக்கமான ஓட்டுக்குள்ளேயே கொழுத்துப்போயின. புரதம் மிகுந்த கலவை கிடைத்தவை சீக்கிரம் நிறுத்திக்கொண்டன, ஒல்லியாக வளர்ந்தன.

எத்தனை கிராம் புரதம் சேர்ந்தது என்று ஒரு பூச்சிக்கு எப்படித் தெரியும்? இந்த இடம்தான் அழகு. வெட்டுக்கிளியின் வாயருகே விரல் போன்ற சிறு உறுப்புகள் உண்டு. கடிப்பதற்கு முன் இலையை அவற்றால் தட்டித் தட்டிப் பார்க்கும். அவற்றின் நுனியில் சுவை அறியும் நுண்மயிர்கள் இருக்கின்றன. புரதம் செரித்து உடைவதால் கிடைப்பவை அமினோ அமிலங்கள். பூச்சியின் ரத்தத்தில் அவை குறைந்திருந்தால், அந்த மயிர்களின் நரம்புகள் இலையிலுள்ள அமினோ அமிலத்துக்குத் துடிப்பாகப் பதில் சொல்லும். ரத்தத்தில் அமினோ அமிலத்தை ஊசி மூலம் ஏற்றினால் அதே நரம்புகள் மந்தமாகிவிடும். அதாவது, மூளையில் பெரிய கணக்கு எதுவும் போடத் தேவையில்லை. உடம்பில் எது குறைகிறதோ அதன் ருசி தானாகவே கூடுகிறது. இத்தனை சின்ன உடம்பில் இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மனிதருக்கும் இது பொருந்துமா என்று இருவரும் கேட்டார்கள். 2005இல் அதையே ஒரு கருதுகோளாக முன்வைத்தார்கள். ஒருவருக்கு நாளுக்கு 60 கிராம் புரதம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது 240 கலோரி. சாப்பாட்டில் புரதத்தின் பங்கு 15 சதவீதமாக இருந்தால் 1600 கலோரியில் அந்த இலக்கு எட்டிவிடும். 12 சதவீதமானால் 2000. 10 சதவீதமானால் 2400! தண்ணீர் கலந்த பாலில் அதே சத்தைப் பெற இன்னொரு டம்ளர் குடிக்க வேண்டியிருப்பது போலத்தான்.

மனித உடம்பு இவ்வளவு கறாராக நடப்பதில்லை, ஆனால் போக்கு இதே திசைதான். சிட்னியில் 22 பேருக்கு ருசியில் வேறுபாடு தெரியாதபடி மூன்று வகைச் சாப்பாடு, வகைக்கு நான்கு நாள் கொடுத்தார்கள். புரதம் 15 சதவீதத்திலிருந்து 10 ஆனபோது அவர்கள் 12 சதவீதம் அதிகக் கலோரி உண்டார்கள். அந்தக் கூடுதலில் பெரும்பகுதி வேளைச் சாப்பாட்டில் வரவில்லை, இடைத்தீனியில் வந்தது. அதிலும் அவர்கள் கை நீண்டது இனிப்பை நோக்கி அல்ல, உப்புக்காரச் சுவையுள்ளவற்றை நோக்கி. கறி, மீன் போன்ற புரத உணவின் ருசி அந்த வகைதான் என்பதால் உடம்பு புரதத்தைத் தேடியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். புரதம் குறையும்போது கல்லீரல் எஃப்ஜிஎஃப்-21 என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது, எலிகளில் அது மூளைக்குப் போய்ப் புரத நாட்டத்தைக் கிளப்புகிறது என்பதும் தெரியவந்திருக்கிறது. நான்கு மணிக்கு மிக்சரையும் சிப்ஸையும் கை தேடுவதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். மசாலா ருசி கிடைக்கிறது, வயிற்றுக்குள் போவது பெரும்பாலும் மாவும் எண்ணெயும். தேடியது கிடைக்காததால் தேடல் நிற்பதில்லை.

வெட்டுக்கிளி எதைத் தின்றால் நமக்கென்ன என்று கேட்பவர்கள் நிதிக் குழுக்களிலும் உண்டு. உடனடிப் பயனைக் காட்டினால்தான் பணம் என்ற நிபந்தனையோடு மட்டும் அறிவியல் நடந்திருந்தால், மனிதர் ஏன் அளவு மீறி உண்கிறார் என்பதற்கான இந்த வழி திறந்திருக்காது. நம் பல்கலைக்கழகங்களின் பூச்சியியல் துறைகளுக்கும் இப்படி வேடிக்கை பார்க்கப் பணமும் நேரமும் வேண்டும்.

நம் தட்டைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து, 12 சதவீதம்தான் புரதம். ஆகவே சோற்றை விரட்டுவதைவிட அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது மேல். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 30 கிராம் துவரம்பருப்பில் 6 கிராமுக்குச் சற்று மேல், ஆனால் நீர்க்கச் செய்த சாம்பாரில் ஒருவர் பங்குக்கு அவ்வளவு பருப்பு வருகிறதா என்று அடுப்படியில் அளந்து பாருங்கள். நூறு கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் எட்டு கிராம் போல இருக்கும். மாலையில் மிக்சர் இருக்கும் கிண்ணத்தில் சுண்டல் இருந்தால் கணக்கே மாறும். முட்டை சூடு, வெயில் காலத்தில் ஆகாது என்று ஒதுக்குவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த நம்பிக்கையால் நல்ல மலிவான புரதத்தை இழக்கிறோம் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதற்காகப் புரதப் பொடி டப்பாவுக்கு ஓட வேண்டாம். அதே சிட்னி ஆய்வில் 15 சதவீதத்தை 25 ஆக உயர்த்தியபோது உண்ணும் அளவு மேலும் குறையவில்லை. 2005இல் வந்த வேறொரு ஆய்வில் 30 சதவீதம் வரை ஏற்றியபோது, 12 வாரங்களில், நாளுக்கு 441 கலோரி குறைந்தது. இரண்டும் முழுதாக ஒத்துப்போகவில்லை. பற்றாக்குறையை நிரப்புவதில்தான் உறுதியான பலன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது, அவர்களுக்கான அளவு வேறு.