சோறு இறங்காத பிள்ளைகள்

"சோறே இறங்க மாட்டேங்குது மேடம். பசி எடுக்க ஒரு டானிக் எழுதிக் குடுங்க." வேலூரில் குழந்தை மருத்துவம் பார்க்கும் யாரைக் கேட்டாலும், அன்றாடம் காதில் விழும் பேச்சு இதுதான் என்பார்கள்.

ஜங்க் ஃபுட் என்றதும் பலருக்கும் பீட்சா, பர்கர், குண்டாக இருக்கும் வசதியான வீட்டுப் பிள்ளை என்றுதான் நினைப்பு ஓடுகிறது. சத்துவாச்சாரியிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் அப்படிப்பட்ட பிள்ளைகள் வருவது உண்மைதான். எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் பேரணாம்பட்டு, குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஒல்லிப் பிள்ளைகள். கை கால் மெலிந்து, உள்ளங்கை வெளுத்து இருப்பார்கள். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்தான் அவர்களுடைய ஜங்க் ஃபுட்.

டானிக் எழுதுவதற்கு முன் ஒன்று செய்வேன். நேற்றுக் காலை கண் விழித்ததிலிருந்து பிள்ளையின் வாய்க்குள் என்னென்ன போனது என்று வரிசையாகச் சொல்லச் சொல்வேன். மூன்று வயதுப் பையன் ஒருவன். அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை. விடியற்காலையிலேயே வேன் வந்துவிடும். பிள்ளை ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், இருக்கிறான். எழுந்ததும் டீயும் பிஸ்கட்டும். பத்து மணிக்கு அழுதான், ஒரு சிப்ஸ் பாக்கெட். மத்தியானம் செல்போனைக் காட்டி ஊட்டியதில் இரண்டு வாய் சோறு. அப்புறம் ஒரு ஜூஸ் டப்பா. சாயங்காலம் அப்பா வரும்போது கையில் இன்னொரு சிப்ஸ் பாக்கெட். ராத்திரி சர்க்கரை போட்ட பால். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு அந்தம்மா, "இவ்ளோதான் மேடம், வேற ஒண்ணுமே சாப்பிடல" என்றார். பாக்கெட்டில் இருப்பது சாப்பாட்டுக் கணக்கில் வருவதே இல்லை.

வயிற்றுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1000 கலோரி. 25 கிராம் சிப்ஸில் ஏறக்குறைய 135 கலோரி இருக்கிறது. இரண்டு பாக்கெட் சிப்ஸ், கொஞ்சம் பிஸ்கட், ஜூஸ், சர்க்கரைப் பால் எல்லாம் சேர்ந்தால் பாதி நாள் தேவை முடிந்துவிடும். அதற்குமேல் பசி எங்கிருந்து வரும்? கலோரி கிடைத்துவிடுகிறது, இரும்பும் புரதமும் நாரும்தான் கிடைப்பதில்லை.

அந்தப் பையனைப் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் அடிவயிற்றில் மலம் கட்டிகட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டது. வெளிக்குப் போய் நான்கு நாளாகிறது, போனாலும் அழுகிறான் என்று ஆயா அப்போதுதான் சொன்னார். இதுதான் மாட்டிக்கொள்ளும் இடம். மைதாவிலும் வறுவலிலும் நார் குறைவு, தண்ணீரும் போதவில்லை என்றால் மலம் இறுகும். மலம் இறுகினால் பசி மந்தமாகும். சோறு வேண்டாமென்று தள்ளும் பிள்ளைக்கு, எதையாவது தின்னட்டும் என்று இன்னொரு பாக்கெட் வரும். இந்தப் பிள்ளைக்குப் பசி டானிக் கொடுத்து என்ன பயன்? நான் எழுதித் தருவதில்லை. முதலில் மலச்சிக்கலைச் சரிசெய்ய வேண்டும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் இது 51 சதவீதம். பாக்கெட் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். குடற்புழுவும் உண்டு, தாய்க்கே இரத்தம் குறைவாக இருப்பதும் உண்டு. ஆனால் கீரையும் முட்டையும் போக வேண்டிய வயிற்றில் சிப்ஸ் போனால் இரும்புச்சத்து ஏறாது. சாப்பாட்டோடு டீ கொடுத்தால், கொஞ்சநஞ்சம் இருக்கும் இரும்பையும் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. சின்னப் பிள்ளைக்கு டீ வேண்டவே வேண்டாம்.

இதைச் சொன்னால் சிலர் உடனே அம்மாவைக் குறை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. தோல் கம்பெனி, ஷூ கம்பெனி, பீடி, தீப்பெட்டி என்று இந்த மாவட்டத்துப் பெண்கள் உழைக்கிற உழைப்பைப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். பள்ளிக்கூட வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கிறது. எந்தப் பள்ளி வாசலுக்கு வேண்டுமானாலும் மணி அடிக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். வீட்டில் சோற்றைத் தொடாத பிள்ளை, அரசுப் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் கிச்சடியும் சாம்பாரும் தட்டு நிறையச் சாப்பிடுகிறது. அங்கே சாப்பாட்டுக்கு முன் பாக்கெட் கிடையாது, செல்போன் கிடையாது, பக்கத்தில் சேக்காளிகள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வீட்டிலும் இதையே செய்யலாம். சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். பிள்ளை சாப்பிடாமல் எழுந்தால் எழட்டும். அதற்குப் பதிலாகப் பாக்கெட்டை மட்டும் நீட்டாதீர்கள். முதல் மூன்று நான்கு நாள் அழுகை பலமாக இருக்கும். ஆயா, தாத்தா, அப்பா எல்லாரும் ஒரே பேச்சில் நின்றால்தான் இது நடக்கும்.

கொடுப்பதற்கு நம் ஊரில் பொருளா இல்லை? 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, களியோடு கீரைக் கடைசல், அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை). ஐந்து வயதுக்குக் கீழே மல்லாட்டையை முழுசாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். வறுத்துப் பொடித்து வெல்லம் சேர்த்துக் கொடுங்கள். அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: ஆசையாக வாங்கி வருவது இரண்டு வாழைப்பழமாகவோ ஒரு கொய்யாவாகவோ இருக்கட்டும். காசும் ஏறக்குறைய அதேதான்.

பிள்ளை மண், சாம்பல், சுண்ணாம்பு தின்றாலோ, எடை ஏறாமல் நின்றாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், செலவில்லை. இரும்பு சிரப் கொடுத்தால் அதைப் பாலோடோ டீயோடோ கொடுக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் அது மருந்தினால்தான். அதைக் கண்டு பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.