மரத்துப்போன வலது கை

"கை கொஞ்சம் மரத்துப்போச்சு டாக்டரம்மா, பனிதான். டீ டம்ளர் நழுவிடுச்சு." கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற 61 வயது அம்மா, இதைச் சொல்லிவிட்டு மூட்டுவலிக்குத் தாவினார். மருமகள் விடவில்லை. "பேச்சும் குழறுச்சுங்க. பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சு."

மரத்தது வலது கை மட்டும். குளிர் ஒரு கையைத் தேர்ந்தெடுத்துப் பிடிக்காது. ஒரு பக்கம் மட்டும் மரத்து, பேச்சும் குழறினால், மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் தடைபட்டிருக்கலாம். தானாகச் சரியானாலும் அடுத்த சில நாட்களிலேயே பக்கவாதம் வரக்கூடும். மலையில் இருக்கும் நாம்தான் எல்லா மரப்பையும் பனியின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

பிரஷர் 170/100. பையில் கசங்கிய சீட்டு ஒன்று. மாதவிலக்கு நின்ற புதிதில், ஜனவரிக் குளிரிலும் நடுராத்திரி ஸ்வெட்டரைக் கழற்றும் அளவுக்கு வேர்த்ததால் எழுதிக்கொடுத்த ஹார்மோன் மாத்திரை. அதே சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் பத்து வருடமாக வாங்கியிருக்கிறார். நடுவில் ஒருவரும் பிரஷர் பார்க்கவில்லை. எனக்கு இதில்தான் மனம் ஆறவில்லை.

அன்று அந்த மாத்திரை எழுதியது தவறல்ல. அமெரிக்காவில் 50 முதல் 79 வயதுவரையான பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரைப் பிரிவை 2002இல் பாதியில் நிறுத்தினார்கள். அதைச் சாப்பிட்ட 10,000 பேரில் ஆண்டுக்கு சுமார் 8 பேருக்குக் கூடுதலாகப் பக்கவாதம் வந்தது. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், மாதவிலக்கு நின்ற பத்து வருடத்துக்குள் தொடங்குகிறவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. வயதும் பிரஷரும் ஏற ஏறத்தான் கணக்கு மாறுகிறது. விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போய், ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது. தோலில் ஒட்டும் பட்டையும் தடவும் ஜெல்லும் அந்த வழியில் போவதில்லை. குறைந்த அளவில் அவற்றால் பக்கவாத ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முக்கியமாக, நாற்பதுக்கு முன்பே கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தவர்கள்: எலும்புக்கும் இதயத்துக்கும் உங்களுக்கு ஹார்மோன் பெரும்பாலும் தேவை. சீட்டோடு வாருங்கள். பிரஷர், சர்க்கரை பார்ப்போம். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, ஒற்றைத் தலைவலி இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்த அம்மாவை அன்றே ஸ்கேனுக்குக் கீழே அனுப்பினோம். ஹார்மோன் நின்றது, பிரஷர் மாத்திரை தொடங்கியது. மருமகள் பேசாமல் இருந்திருந்தால் மூட்டுவலிக்குத் தைலம் எழுதி அனுப்பியிருப்பேன்.

பக்கவாதம் வந்தால், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் அதில் ஒரு பகுதி கரைந்துவிடும். வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ கம்பளியைப் போர்த்திப் படுக்க வைக்காதீர்கள். மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கே போகச் சொல்லுங்கள்.