ஜப்தி: பறிமுதலா, பற்றுகையா?

மும்பையில் தாராவியிலும் செம்பூரிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் மராத்தி, இந்திச் செய்திகள் வழியாகத்தான் காதில் விழுகிறது. கஞ்சா பிடிபட்டாலும் ‘ஜப்த’, தேர்தலில் டெபாசிட் போனாலும் ‘ஜப்த’. அதனால் ஜப்தி என்றால் பறிமுதல் என்று எழுதிவிடுகிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் ஜப்தி வேறு. கடனுக்கோ நிலவரி பாக்கிக்கோ சொத்தைப் பிடித்துவைப்பது அது. பணம் கட்டினால் மீளும், இல்லையென்றால் ஏலம். பறிமுதலில் கடனைக் கட்டி மீட்கும் பேச்சே கிடையாது.

வேர் அரபு, பொருள் ‘இறுகப் பிடித்தல்’. பாரசீகம் வழியாக வந்தது. அக்பர் காலத்தில் நிலத்தை அளந்து பணமாக வரி குறிக்கும் முறைக்கே ‘ஜப்தி’ என்றுதான் பெயர். கூட வரும் கிஸ்தி (நிலவரித் தவணை), வசூல், அமீனா (ஜப்தி ஆணையை நிறைவேற்ற வரும் நீதிமன்ற ஊழியர்) எல்லாமே அரபு உறவுதான்!

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் உழவர் வீடுகளில் இந்தச் சொல் புகுந்து விளையாடியது. சில ஆண்டுகளில் நெல் விலை ஏறக்குறைய பாதியானது. கிஸ்தியும் வட்டியும் ரூபாய்க் கணக்கு. விலையோடு சேர்ந்து இறங்கவில்லை. ஒரு மூட்டை விற்றுக் கட்டியவர் இரண்டு மூட்டை விற்க வேண்டியதாயிற்று. 1931இல் பிரிட்டன், நாணய மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் பொன் அளவை முறையைக் கைவிட்டதும் தங்கம் விலை ஏறியது. கிராமத்து நகைகள் உருகிப் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலேறின. நகையும் தீர்ந்த வீட்டுக்கு அமீனா வந்தார்.

‘சட்டிபானை வரைக்கும் ஜப்தி’ என்பது பேச்சு வழக்கு. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. உடுதுணி, சமையல் பாத்திரம், உழவருக்குத் தேவையான ஏர், மாடு, விதைநெல், சமய வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை, அதாவது தாலி போன்றவை, இவற்றைத் தொடக்கூடாது. விளைநிலத்துக்கு அந்தக் காப்பு இல்லை. 1938இல் ராஜாஜி அமைச்சரவை கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய உழவர் கடன்களில் 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி அதன்படி தள்ளுபடியானது.

சரி, தமிழில் என்ன எழுதுவது? சட்டத்தமிழ் ‘பற்றுகை’ என்கிறது. பற்று என்றாலும் பிடிதான். அரபு வேரோடு அச்சாகப் பொருந்துகிறது. ‘வீட்டின்மீது பற்றுகை ஆணை’ என்று செய்தியில் தயங்காமல் எழுதலாம். கதையில் பேசும் விவசாயி வாயில் மட்டும் அதைத் திணிக்க வேண்டாம், அவருக்கு ஜப்தியே இருக்கட்டும். கஞ்சாவுக்குப் பறிமுதல், டெபாசிட்டுக்கு இழப்பு.