முதல் 48 மணி நேரம்: சாலை விபத்தில் அடிபட்டவருக்குச் சட்டமும் அரசும் தருவது

தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் முதல் 48 மணி நேரத்துக்கு அவர் சிகிச்சைக்கெனப் பணம் கட்ட வேண்டியதில்லை. காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வருமான வரம்பு கிடையாது. பீகாரிலிருந்து வந்து கட்டட வேலை பார்ப்பவர், பாலக்காட்டிலிருந்து காரில் வந்தவர், மாமல்லபுரம் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் எல்லாருக்கும் ஒரே கணக்குதான். இதற்குப் பெயர் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கி வைக்கப்பட்டது.

தொடங்கும்போது ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு இருந்தது. பிறகு அது இரண்டு லட்சமாக உயர்த்தப்பட்டது. 81 வகைச் சிகிச்சைமுறைகள் இதில் அடக்கம். பணத்தை மாநில அரசு நேராக மருத்துவமனைக்குத் தருகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஏற்கெனவே உள்ள ஏற்பாடுகளே இதற்கும் பயன்படுகின்றன. அரசு மருத்துவமனைகளோடு தனியார் மருத்துவமனைகளும் பட்டியலில் உண்டு. திட்டம் தொடங்கியபோதே அறுநூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இருந்தன. அவற்றில் தனியார்தான் பெரும்பான்மை.

சரி, பட்டியலில் இல்லாத ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ போய் நின்றால்? அங்கே திட்டத்தின் பணம் வராது. ஆனால் சட்டம் வரும். இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் பலரும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள். உயிர் காக்கும் முதல் சிகிச்சையைச் செய்வது எல்லா மருத்துவமனைக்கும், எல்லா மருத்துவருக்கும் சட்டக் கடமை. அதற்கு ஆகும் செலவை யார் தருவது என்பது வேறு கேள்வி, அதற்குத்தான் திட்டங்கள்.

கடமை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பரமானந்த் கட்டாரா தீர்ப்பில் போய் நிற்கும். ஸ்கூட்டரில் போனவர் மீது கார் மோதியது. பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்குத் தூக்கிப்போனால், ‘இது எம்.எல்.சி. கேஸ் (போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய மருத்துவ-சட்ட வழக்கு), இங்கே பார்க்க அனுமதி இல்லை’ என்று சொல்லி ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு ஒரு மனித உரிமை ஆர்வலர் நீதிமன்றத்துக்குப் போனார். அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, அடிபட்டு வந்தவர் குற்றவாளியோ அப்பாவியோ, உயிரைக் காப்பதுதான் முதல் வேலை. போலீஸ் நடைமுறை எதுவும் அதற்குக் குறுக்கே நிற்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு, அதாவது உயிர் வாழும் உரிமை, இதற்கு அடிப்படை.

அதன் பிறகு 1996இல் இன்னொரு தீர்ப்பு. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சொந்தப் பணம் செலவழித்துத்தான் பிழைத்தார். அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்ன உச்ச நீதிமன்றம், நிதி இல்லை என்று காரணம் காட்டி இந்தக் கடமையிலிருந்து அரசு நழுவ முடியாது என்றது. முதுநிலைத் தேர்வுக்குப் படிக்கும் மருத்துவர்கள் முதல் வழக்கை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு இரண்டாவதை விட்டுவிடுவது வழக்கம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கனமானது. முதலாவது மருத்துவரைப் பார்த்துப் பேசுகிறது. இது கஜானாவைப் பார்த்துப் பேசுகிறது.

தீர்ப்புகள் போக, மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவிலேயே இந்தக் கடமை எழுதப்பட்டிருக்கிறது. பணியில் இருக்கும் மருத்துவர் எந்த நடைமுறைச் சடங்குக்கும் காத்திராமல் உடனே பார்க்க வேண்டும். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளும் இதையே வேறு விதமாகச் சொல்கின்றன: தன்னிடம் வரும் ஒவ்வொருவரையும் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மருத்துவருக்கு இல்லை, ஆனால் அவசர நிலை என்றால் அந்தச் சுதந்திரம் கிடையாது.

ஆக, ‘போலீஸ் வரட்டும்’, ‘எஃப்.ஐ.ஆர். காப்பி கொண்டு வாங்க’, ‘சொந்தக்காரர் யாராவது கையெழுத்துப் போடட்டும்’ ஆகிய மூன்றுமே முதல் சிகிச்சையை நிறுத்தி வைக்கக் காரணங்கள் ஆகா. விபத்து என்றால் அது எம்.எல்.சி.தான், ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவு போட வேண்டும், காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். ஆனால் அந்தத் தகவலை அனுப்புவது மருத்துவமனையின் வேலை. ரத்தம் வடிய நிற்பவரின் அண்ணனை ஸ்டேஷனுக்கு ஓட விடுவது மருத்துவமனையின் வேலையை அவர் தலையில் கட்டுவது.

கையெழுத்து விஷயத்தில் கொஞ்சம் நுணுக்கம் இருக்கிறது. நினைவோடு இருக்கும், 18 வயது நிரம்பிய ஒருவர் தெளிவாக ‘வேண்டாம்’ என்றால் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது; 134ஆவது பிரிவே இதற்கு இடம் தருகிறது. நினைவில்லாமல் கிடக்கிறார், கூட யாரும் இல்லை, தாமதித்தால் உயிர் போகும் என்ற நிலையில் சம்மதம் இல்லாமலே நல்லெண்ணத்தோடு செய்யும் சிகிச்சை குற்றமாகாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 92ஆவது பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 30ஆவது பிரிவு. உறவினர் வந்து சேரும் வரை மூளைக்குள் ரத்தக்கசிவு காத்திருக்காது என்பதால்தான் சட்டம் இந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அதே வாசல் வழியாக, இன்றே செய்ய வேண்டிய அவசியமில்லாத இன்னொரு அறுவையையும் சேர்த்துச் செய்துவிட முடியாது. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. அது விபத்து வழக்கு அல்ல. ஆனாலும் சம்மதத்தின் எல்லை பற்றிய அந்த விதி இங்கும் பொருந்தும்.

இவ்வளவு சட்டம் இருந்தும் மருத்துவமனைகள் தட்டிக்கழித்தது ஏன்? மனிதாபிமானம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கடமையை மருத்துவமனை மீது வைத்த சட்டம், செலவை யார் தலையில் வைப்பது என்று சொல்லவில்லை. தலைக்காயம் என்றால் ஸ்கேன், ரத்தம், ஐ.சி.யூ., அறுவைக்கூடம் என்று சில மணி நேரத்திலேயே பில் எகிறிவிடும். அடையாளம் தெரியாத நோயாளி என்றால் அது வாராக் கடன். எனவே ‘பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க’ என்பது நஷ்டத்தை அடுத்த வாசலுக்குத் தள்ளும் உத்தி. தமிழ்நாட்டுத் திட்டம் தொட்டது இந்த இடத்தைத்தான். சிகிச்சைக்கு இன்ன விலை என்று முன்கூட்டியே பேசி, அரசே வாங்குபவராக உட்கார்ந்துகொண்டது. அட்டை கேட்டு, தகுதி பார்த்துப் பிறகு அனுமதிப்பது என்று வைத்திருந்தால் அந்தச் சோதனையிலேயே நேரம் கரைந்திருக்கும். எல்லாருக்கும் என்று வைத்ததால் வாசலில் சோதிக்க எதுவுமில்லை. பணக்காரருக்கும் இலவசமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆமாம், அவருக்கும்தான். பிரித்துப் பார்க்கும் நேரத்துக்கு உயிர்தான் விலை என்றால், பிரிக்காமல் இருப்பதே சிக்கனம்.

மத்திய அரசின் திட்டம் பிறகு வந்தது. அதன் பின்னால் ஒரு கோயம்புத்தூர்க்காரர் இருக்கிறார். எலும்பு முறிவு அறுவை நிபுணர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துச் சாவுகளைக் குறைக்கக் கோரி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 162ஆவது பிரிவு, பொன்னான நேரத்தில், அதாவது அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தில், பணமில்லாச் சிகிச்சைக்குத் திட்டம் வகுக்கச் சொல்கிறது. திட்டம் வந்தபாடில்லை. அந்த வழக்கில்தான் 2025 ஜனவரியில் நீதிமன்றம் கெடு விதித்தது. 2025 மே 5 அன்று அறிவிக்கை வெளியானது: விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாட்கள் வரை, ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, நாடு முழுவதும். நியமிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முழுச் சிகிச்சை. மற்றவற்றில் நோயாளியின் நிலையைச் சீராக்கும் வரை மட்டும். ஓசூர் தாண்டிக் கர்நாடக எல்லைக்குள் விபத்து நடந்தால் மாநிலத் திட்டம் உதவாது, இந்த மத்தியத் திட்டத்தைத்தான் கேட்க வேண்டும். விபத்து எந்த மாநில மண்ணில் நடந்தது என்பதே கணக்கு, வண்டியின் நம்பர் பிளேட் அல்ல.

தூக்கிக்கொண்டு போகிறவரின் பயத்துக்கு வருவோம். ‘கோர்ட்டுக்கு அலைய விடுவாங்க’ என்பதே பலரைத் தயங்க வைக்கிறது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவும், 2020இல் வந்த விதிகளும் இந்தப் பயத்துக்குப் பதில் சொல்கின்றன. உதவி செய்தவர் பெயரையோ முகவரியையோ போன் நம்பரையோ சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. மருத்துவமனை அவரைப் பிடித்து உட்கார வைக்கக் கூடாது, பணம் கட்டச் சொல்லக் கூடாது. சாட்சி சொல்ல அவராக முன்வந்தால் மட்டுமே விசாரணை. அதுவும் அவருக்குத் தோதான இடத்தில், நேரத்தில். தூக்கும்போது நல்லெண்ணத்தோடு செய்ததில் ஏதாவது தவறிப்போனாலும் அவர் மேல் வழக்கு நிற்காது. இந்த உரிமைகளை மருத்துவமனை நுழைவாயிலில் உள்ளூர் மொழியிலும் எழுதி வைக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் பலகை கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். பலத்த காயம்பட்டவரைப் பொன்னான நேரத்துக்குள் கொண்டு சேர்த்தவருக்கு மத்திய அரசின் ‘ராஹ்-வீர்’ திட்டத்தில் 25,000 ரூபாய் வெகுமதியும் உண்டு.

எந்த மருத்துவமனைக்கு என்ற கேள்விக்கு, முடிந்தால் 108ஐ அழைத்துவிடுவது நல்லது. பக்கத்தில் இருப்பது ஒன்று, தலைக்காயத்தைப் பார்க்கக்கூடியது இன்னொன்றாக இருக்கலாம். ஆம்புலன்ஸில் வருபவருக்கு அது தெரியும். அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவில் ஆபத்தின் அளவை வைத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துத்தான் பார்ப்பார்கள். பிறகு வந்தவரை முதலில் உள்ளே கொண்டு போனால் சண்டைக்குப் போக வேண்டாம். கத்துகிறவரைவிடச் சத்தமே இல்லாமல் கிடப்பவருக்குத்தான் பெரும்பாலும் ஆபத்து அதிகம்.

இனி, குடும்பங்கள் சறுக்கும் இடம். 48 மணி நேரம் முடிந்த பிறகு என்ன? நோயாளி முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தால் அதன் கீழ் அதே இடத்தில் தொடரலாம். இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது சொந்தக் காசிலோ தனியார் இன்சூரன்ஸிலோ தொடர வேண்டும். இந்த முடிவை 49ஆவது மணி நேரத்தில் பில்லிங் கவுன்டர் முன்னால் நின்று எடுக்கக் கூடாது. இரண்டாம் நாள் காலையிலேயே காப்பீட்டுத் திட்டத்துக்கென வார்டில் இருக்கும் அலுவலரைப் பார்த்து, எத்தனை மணிக்குச் சேர்த்ததாகப் பதிவாகியிருக்கிறது, இதுவரை எவ்வளவு செலவு காட்டியிருக்கிறார்கள், மாற்றுவதென்றால் தாங்குவாரா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். முன்கூட்டியே விலை பேசி வைத்த சிகிச்சைத் தொகையில் ஒரு பலவீனம் உண்டு: தொகை தீர்ந்ததும் நோயாளியை நகர்த்த மருத்துவமனைக்கு ஆசை வரும். மாற்றும் முடிவு மருத்துவக் காரணத்தாலா, கணக்குக் காரணத்தாலா என்று நேராகக் கேட்பதில் தப்பில்லை. அரசு மருத்துவமனைக்கு மாற்றினால் ஸ்கேன் படங்களும் சிகிச்சைச் சுருக்கமும் கூடவே போக வேண்டும்; இல்லையென்றால் அங்கே எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

பட்டியலில் உள்ள மருத்துவமனை அட்வான்ஸ் கேட்டாலோ, எந்த மருத்துவமனையாவது பார்க்காமலே அனுப்பினாலோ 104 என்ற சுகாதார உதவி எண்ணில் புகார் சொல்லலாம். எழுத்துப்பூர்வமாக என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். தனியார் மருத்துவமனைகளின் பதிவு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருவதால் அந்தக் கடிதத்துக்கு எடை உண்டு. குறிப்பிட்ட மருத்துவர் மீது என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். புகாரில் வாசலுக்குப் போன நேரத்தையும், யார் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள். கோபத்தைவிட இவைதான் விசாரணையில் உதவும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஏ.ஆர். காப்பியும், காயச் சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்ற விவரமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட இவை வேண்டும். மோதிய வண்டி எது என்றே தெரியவில்லை என்றாலும் வழி அடைபட்டுப் போவதில்லை: இடித்துவிட்டு ஓடிய வழக்குகளுக்கான மத்தியத் திட்டத்தில் 2022 ஏப்ரலிலிருந்து மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தருகிறார்கள். சிகிச்சைக்காக மருத்துவமனைக்கு அரசு தரும் பணமும் இதுவும் வேறு வேறு. இதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.