டிமென்ஷியாவுக்குத் தமிழ்ச் சொல் எது?

மருத்துவரின் சீட்டில் ‘டிமென்ஷியா’ என்று எழுதப்பட்டிருப்பதை வீட்டார் உறவினர்களிடம் ‘மறதி நோய்’ என்று சொல்கிறார்கள். நாளிதழ்கள் ‘முதுமை மறதி’ என்று எழுதுகின்றன. எப்போதாவது ஒரு கட்டுரையில் ‘மனச்சிதைவு’ என்றும் வந்துவிடுகிறது. இவற்றுள் கடைசிச் சொல் முழுத் தவறு. மற்ற இரண்டும் பாதியளவே பொருந்துபவை.

மூலச் சொல் இலத்தீன் மொழியுடையது. ‘மென்ஸ்’ என்றால் மனம், அறிவு. அதன் முன் நிற்கும் ‘தெ’ விலகலைக் குறிக்கும். அறிவு தன் நிலையை விட்டு விலகிய எந்த நிலையையும், முதுமை என்ற வரையறை ஏதுமின்றி, உரோமானியர் இச்சொல்லால் குறித்தனர். அதற்குக் கூர்மையான மருத்துவப் பொருள் கிடைத்தது பிரான்சில். உளநோய் மருத்துவரான எஸ்கிரோல் 1838இல் வெளியிட்ட நூலில், பிறவியிலேயே அறிவு வளராதவரையும் வளர்ந்த அறிவை இழந்தவரையும் பிரித்துக் காட்டினார். முன்னவர் எந்நாளும் ஏழையாக இருந்தவர், பின்னவர் செல்வராக இருந்து ஏழையானவர் என்பது அவர் தந்த உவமை. இருந்ததை இழத்தல் என்னும் இக்கருத்தே இன்றுவரை இச்சொல்லின் உயிர்.

மனச்சிதைவு என்னும் குழப்பத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இளவயதில் தோன்றும் ஒரு கடும் உளநோய்க்கு ஜெர்மானிய மருத்துவர் கிரேப்பலின் ‘டிமென்ஷியா பிரீகாக்ஸ்’ என்று பெயரிட்டிருந்தார். அதை 1908இல் சுவிட்சர்லாந்தின் பிளாய்லர் ‘ஸ்கிட்சோஃப்ரீனியா’ என மாற்றினார். தமிழில் மனச்சிதைவு என்று நாம் வழங்குவது இந்த ஸ்கிட்சோஃப்ரீனியாவையே. மூளைச் செல்கள் சிறிது சிறிதாக அழிவதால் அறிவு தேயும் நோய்க்கு அப்பெயரை இடுவது, நோயாளியின் குடும்பத்தைத் தவறான அச்சத்தில் தள்ளிவிடும்.

இனி, முதுமை மறதி. டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் நோயின் முதல் நோயாளியே இப்பெயரை மறுக்கிறார். பிராங்க்பர்ட் மருத்துவமனையில் 1901இல் சேர்க்கப்பட்ட அகஸ்டே டீட்டருக்கு அப்போது வயது 51. அவரிடம் முதலில் வெளிப்பட்டது மறதி அன்று, கணவர் மீதான சந்தேகம். நினைவு பிறழ்ந்ததும் வழி தடுமாறியதும் அதன் பின்னரே. 1906இல் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்த அலாய்ஸ் அல்சைமர், அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் தம் கண்டுபிடிப்பை விளக்கினார். 1910இல் நோய்க்கு அவர் பெயரையே இட்டவர் மேற்சொன்ன கிரேப்பலின்தான். டிமென்ஷியாவில் பெரும்பங்கு அல்சைமர் வகை என்பதால் மறதியே முன்னால் தெரிகிறது. ஆனால், நெற்றிப் பக்க மூளை தேயும் வகையில் நினைவு பெரிதும் நலமாக இருக்க, நாணமும் நிதானமும் முதலில் போய்விடும். மூளைச் செல்களில் ‘லூயி உடல்’ எனப்படும் புரதத் திரள்கள் சேரும் வகையில் இல்லாத ஆட்கள் கண்முன் தெரிவார்கள். இந்த நோயாளிகளின் வீட்டார் ‘அப்பாவுக்கு ஞாபகமெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று சொல்லி மருத்துவரிடம் செல்லாமல் இருந்துவிடுவதற்கு, நாம் வைத்த பெயரும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மறதி என்னும் சொல்லில் வேறொரு சிக்கலும் இருக்கிறது: தமிழில் அது பெரும்பாலும் குற்றத்தின் பெயர். நெடுநீர் (காலம் தாழ்த்தல்), மறவி (மறதி), மடி (சோம்பல்), துயில் ஆகிய நான்கையும் கெடுகின்றவர் விரும்பி ஏறும் கலன் என்கிறது குறள். பொச்சாவாமைக்கு, அதாவது மறவாமைக்கு, அங்கே ஓர் அதிகாரமே உண்டு. கவனம் இருந்தால் தவிர்த்திருக்கலாம் என்னும் குறிப்பு இச்சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. அதனால்தான் ‘இப்போதுதானே சொன்னேன், அதற்குள் மறந்துவிட்டீர்களா’ என்று நோயாளியைக் கடிந்துகொள்வது நமக்கு இயல்பாகிவிடுகிறது.

ஈழத்தமிழில் இதற்கு ஓர் அழகிய பழைய வழக்கு இருக்கிறது: ‘அறளை பெயர்தல்’. ‘ஆச்சிக்கு அறளை பேர்ந்திட்டுது’ என்பார்கள். சுவர்ப்பூச்சு பெயர்வது போல, இருந்த இடத்தை விட்டு விலகுவதைச் சொல்லும் ‘பெயர்தல்’, இலத்தீனின் ‘தெ’ என்னும் முன்னொட்டுக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமாக நிற்கிறது. எனினும் வசையாகவும் கேலியாகவும் இது வழங்குவதால் மருத்துவச் சீட்டில் ஏற்ற இயலாது. ஜப்பானியர் இதே காரணத்துக்காகத்தான் அறிவின்மை, மந்தம் என்று பொருள்படும் ‘சிஹோ’ என்ற பழைய பெயரை 2004இல் விலக்கி, அறிதலைச் சுட்டும் ‘நின்சிஷோ’ என்ற பெயரை ஏற்றனர். அமெரிக்க உளமருத்துவர் சங்கமும் உளநோய்களை வகைப்படுத்தும் தன் 2013ஆம் ஆண்டின் கையேட்டில் டிமென்ஷியாவுக்குப் பதிலாக ‘பெரும் நரம்பியல் அறிதிறன் கோளாறு’ என்னும் பொருளுடைய தொடரை அமைத்தது.

தமிழிலும் ‘அறிதிறன்’ என்பதை அடியாகக் கொள்வதே சரி. நினைவு, மொழி, திட்டமிடல், வழியறிதல் அனைத்தும் அதில் அடங்கும். அதனோடு ‘குறைபாடு’ என்று சேர்த்தால் பிறவிக் குறையும் உள்ளே வந்து, எஸ்கிரோல் வகுத்த எல்லை அழிந்துவிடும். ‘இழப்பு’ என்றால் எல்லாம் போய்விட்டது போலாகும். தொடக்க நிலையில் இருப்பவர் தம் வரவுசெலவைத் தாமே பார்த்துக்கொண்டிருக்கவும் கூடும். ஆகவே ‘அறிதிறன் தேய்வு’ என்பதே என் தேர்வு. மதி என்பது அறிவுக்கும் நிலவுக்கும் பொதுவாயிற்றே, ‘மதிதேய்வு’ எனலாமே என்று ஒரு கணம் ஆசை எழுந்தது. ஆனால் தேய்ந்த நிலவு வளரும், இந்நோயில் தேய்ந்தது பெரும்பாலும் மீளாது.

பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சொல் ‘டெலிரியம்’. இலத்தீனில் அதன் அடிப்பொருள், ஏர் தன் உழவுத் தடத்தை விட்டு விலகுதல். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு போன்றவற்றால் முதியவருக்குச் சில மணி நேரத்திலோ நாள்களிலோ திடீரென வரும் குழப்பம் இது. காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளியும். இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை, நம் பாட்டிமார் சொன்ன ‘சன்னி’ இருக்கிறது. நேற்றுவரை தெளிவாகப் பேசிய தாத்தா இன்று பிதற்றினால் அது சன்னியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அறிதிறன் தேய்வு மாதங்களிலும் ஆண்டுகளிலும் நகர்வது.