குணச்சித்திர நடிகர்: ஒரு சொல்லும் ஒரு பொக்கை வாயும்

ஹாலிவுட் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் பிற்காலத்தில் அடிக்கடி சொல்லிவந்த கதை இது. 1935இல் வந்த 'பார்பரி கோஸ்ட்' படத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். நாற்பது வயதை எட்டிய ஒருவர் வேடம் கட்டிக்கொண்டு வந்து நின்றார். வசனம் பேசிக் காட்டச் சொன்னதும் அவர் திருப்பிக் கேட்டார்: "வச்சுக்கிட்டா, எடுத்துட்டா?" "எதை?" "பல்லை."

அவர் பெயர் வால்டர் பிரென்னன். 1932இல் நடந்த ஒரு விபத்தில் முன்பற்களை இழந்து பல்செட் போட்டவர். செட்டைக் கழற்றினால் கன்னம் ஒட்டி, பேச்சு குழறி, எழுபது வயதுக் கிழவராகிவிடுவார். மாட்டினால் மறுபடியும் நாற்பது. ஹாக்ஸ் சிரித்துவிட்டு வேடத்தைக் கொடுத்தார்.

இவரைப் பற்றிப் பல வருடங்களுக்கு முன் ஒரு சிறு குறிப்பு எழுதினேன். மூன்று ஆஸ்கர் வாங்கிய துணை நடிகர் என்று போட்டிருந்தேன். கோடம்பாக்கத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "என்னங்க, மூணு ஆஸ்கர் வாங்கின மனுஷனைக் கூட்டத்துல நிக்க வச்சுட்டீங்களே!" என்றார். அவர் சொன்னது சரிதான். நம் படப்பிடிப்புத் தளங்களில் துணை நடிகர் என்றால் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காருபவர், பஸ் ஸ்டாண்டில் குறுக்கே நடப்பவர், கதாநாயகிக்குப் பின்னால் ஆடுபவர். ஆஸ்கர் செய்திகளில் 'சிறந்த துணை நடிகர்' என்று ஆண்டுதோறும் அச்சாகிறது, தேசிய விருதிலும் அதே பெயர்தான். ஆனாலும் அந்தச் சொல் ஸ்டூடியோ வாசலைத் தாண்டியதும் வேறு ஆளைக் குறிக்கிறது.

பிரென்னன் போன்றவர்களை ஆங்கிலத்தில் 'கேரக்டர் ஆக்டர்' என்பார்கள். அதற்குத் தமிழில் கைவசம் இருக்கும் இன்னொரு சொல் குணச்சித்திர நடிகர். இது சரிதானா என்று பார்க்க, முதலில் கேரக்டர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

மூலம் கிரேக்கம். கரக்தேர் என்றால் நாணயத்தில் உருவம் பதிக்கும் அச்சு, அந்த அச்சு பதித்த முத்திரை. கீறு, பொறி என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த பெயர். ஆங்கிலத்தில் எழுத்தையும் கேரக்டர் என்கிறார்களே, அது இந்தப் பழைய பொருளின் மிச்சம்தான். உலோகத்தில் விழுந்த முத்திரை மெல்ல மனிதன் மேல் விழுந்தது. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃபிராஸ்டஸ் கஞ்சன், முகத்துதி பாடுபவன், வாயாடி என்று முப்பது வகை மனிதர்களைச் சிறு சிறு சித்திரங்களாக எழுதி வைத்தார். ஊருக்கு ஊர் இருக்கும் ஆட்கள்தான். பார்த்த மாத்திரத்தில் இன்னார் என்று சொல்லிவிடலாம். நாமும் ஒரு பையனைப் பார்த்து "அப்படியே அப்பன் அச்சு" என்கிறோம். கிரேக்கனுக்குத் தோன்றிய அதே உவமை.

அங்கிருந்து ஆங்கிலத்தில் இயல்பு, நடத்தை, நாடகத்தில் வரும் ஆள் என்று பொருள் கிளைத்தது. தமிழ்ப் பேச்சுக்கு வந்தபின் "அவன் கேரக்டர் சரியில்லை" என்று ஒழுக்கத்தோடு ஒட்டிக்கொண்டது.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நாடகக் கம்பெனிகள் ஆள் எடுக்கும்போதே பிரித்து எடுத்தன. நாயகன் ஒருவர், இளவட்டம் ஒருவர், வில்லன் ஒருவர், கோமாளி ஒருவர், கிழவர் ஒருவர். நம் ஊர் நாடகக் கம்பெனிகளிலும் இதே ஏற்பாடு இருந்தது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன். பார்ட்டும் பபூனும் ஆங்கிலச் சொற்கள் என்பது பலருக்கு நினைவிலேயே இருக்காது, அவ்வளவு நம்முடையதாகிவிட்டன. அந்த வரிசையில் அழகான நாயக முகம் தேவைப்படாத, தனி நடை, தனிக் குரல், தனி வயது என்று முத்திரை பதித்தாக வேண்டிய வேடங்களைச் செய்பவரே கேரக்டர் ஆக்டர்.

இனி நம் சொல். குணம், சித்திரம் இரண்டும் வடமொழி. ஆனால் குணம் திருக்குறள் காலத்திலேயே தமிழில் குடியேறிவிட்டது. சிக்கல் வேறிடத்தில். 504ஆம் குறளில் குணத்துக்கு எதிரே குற்றம் நிற்கிறது. அதாவது குணம் என்றாலே நல்ல குணம். "குணமான பிள்ளை" என்றால் நல்ல பிள்ளை. அந்த வாடை குணச்சித்திரத்திலும் ஏறிக்கொண்டது. கண்ணீர் விடும் அப்பா, விட்டுக்கொடுக்கும் அண்ணன், நியாயம் பேசும் பண்ணையார் எல்லாம் குணச்சித்திரம். தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளைப் பாருங்கள். வில்லனுக்குத் தனி விருது, நகைச்சுவைக்குத் தனி விருது, குணச்சித்திரத்துக்குத் தனி விருது. ஆங்கிலச் சொல் வில்லனையும் கோமாளியையும் சேர்த்தே அணைத்துக்கொள்ளும். நம் சொல் அந்த இருவரையும் வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறது.

பிரென்னனை இந்தக் கட்டங்களில் எங்கே வைப்பது? 1894இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தார். லாஸ் ஏஞ்சலஸில் நிலம் வாங்கி விற்றுச் சம்பாதித்து, விலை சரிந்தபோது எல்லாவற்றையும் தொலைத்தார். வயிற்றுப் பிழைப்புக்குத்தான் ஸ்டூடியோவில் எக்ஸ்ட்ராவாக நின்றார். நம் நண்பர் சொன்ன பொருளில் அசல் துணை நடிகர்! பிறகு 1936இல் 'கம் அண்ட் கெட் இட்', 1938இல் 'கென்டக்கி', 1940இல் 'தி வெஸ்டர்னர்' என்று ஒன்றுவிட்டு ஒரு வருடம் மூன்று ஆஸ்கர். துணைப் பிரிவே 1936ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் தொடங்கியது, முதல் ஆளாக வாங்கியவர் இவர். அப்போது அந்தப் பிரிவில் வென்றவர்களுக்குத் தங்கச் சிலை கிடையாது. கையில் ஒரு பட்டயத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த ஆண்டுகளில் எக்ஸ்ட்ராக்களுக்கும் ஓட்டு இருந்தது, தங்களில் ஒருவர் என்று அவர்கள் இவருக்கே குத்தினார்கள் என்ற பேச்சும் ஹாலிவுட்டில் நெடுநாள் ஓடியது. அது பொறாமைப் பேச்சாகவும் இருக்கலாம். 'தி வெஸ்டர்னர்' படத்தில் மதுக்கடையையே கோர்ட்டாக்கிக்கொண்ட நீதிபதியாக அவர் செய்வதைப் பார்த்தவர்களுக்கு ஓட்டுக் கணக்கு தேவைப்படாது.

1946இல் 'மை டார்லிங் கிளமென்டைன்'. ஈவிரக்கமற்ற கிளாண்டன் கிழவனாக வருகிறார், முகத்தில் சிரிப்பே இல்லை. இரண்டே வருடத்தில் 'ரெட் ரிவர்'. அதில் சமையல் வண்டி ஓட்டும் கிழவர். சீட்டாட்டத்தில் ஓர் அமெரிக்கப் பழங்குடிக்காரரிடம் தன் பல்செட்டைத் தோற்றுவிட்டு, ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கும் அவரிடமே இரவல் கேட்டு நிற்கிறார். ஹாக்ஸின் படம்தான், அந்தப் பழைய பல் அவரை விடவில்லை. 1959இல் 'ரியோ பிராவோ'வில் துப்பாக்கியும் கையுமாகச் சிறையைக் காத்துக்கொண்டு, நொண்டி நொண்டி நடந்து, யாராவது வந்தாலும் முணுமுணுத்து, வராவிட்டாலும் முணுமுணுக்கும் கிழவர். வில்லன், கோமாளி, பாசக்காரர் மூன்றும் ஒரே ஆள்.

தமிழில் உடனே நினைவுக்கு வருபவர் எஸ்.வி.ரங்காராவ். 'மிஸ்ஸியம்மா'வில் ஜமீன்தார் அப்பாவாக வந்தபோது அவருக்கும் நாற்பது ஆகவில்லை. அவரையும் ஒரு கட்டத்துக்குள் அடக்க முடியாது. இருவரும் காலமானது 1974இல்.

மாற்றுச் சொற்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். பாத்திர நடிகர் என்றால் அடுப்படிச் சத்தம் கேட்கிறது. கதைமாந்தர் நடிகர் அகராதியைத் தாண்டி வராது. பண்போவிய நடிகர் தனித்தமிழாக இருந்தாலும் யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. முத்திரை நடிகர் மூலப்பொருளுக்கு மிக அருகில் வருகிறது, ஆனால் 'முத்திரை பதித்த நடிகர்' என்று போஸ்டரில் எல்லாருக்கும் போட்டுத் தேய்த்துவிட்டார்கள்.

ஆகவே குணச்சித்திர நடிகரையே நான் வைத்துக்கொள்கிறேன், கதவை மட்டும் திறந்துவிட்டு. வில்லனாக நடித்தாலும் சிரிக்க வைத்தாலும் அந்த வேடத்துக்கு ஒரு தனி ஆளை உருவாக்கிக் காட்டுபவர் குணச்சித்திர நடிகர்தான். விருதின் பெயராக வரும்போது துணை நடிகர் என்று எழுதுவேன், அது நிலைத்துவிட்ட பெயர். ஆளைச் சொல்லும்போது எழுதமாட்டேன். பிரென்னன் குறிப்பில் ஒரு வரியில் மட்டும் அதற்கு விலக்கு: எக்ஸ்ட்ராவாக நின்ற அந்த ஆரம்ப வருடங்களைச் சொல்லும் வரி. அங்கே அவர் துணை நடிகர்தான்.